மூன்று மாதச் சர்க்கரை 6.1. நடக்கிறேன், ஆனால் சாப்பாட்டுக் கணக்குதான் டேலி ஆகவில்லை

கேட்டவர்: தெப்பக்குளம் கீழ்க்கரை

வணக்கம். வயது 39. மதுரையில் அனுப்பானடிப் பக்கம் வீடு. மகள் ஏழாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. வீட்டுக்காரருக்கு டூவீலர் உதிரிபாகக் கடை. அத்தை எங்களோடு இருக்கிறார். நான் ஒரு ஆடிட்டர் ஆபீசில் பதினேழு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்பது கீழே வரும்.

மகன் வயிற்றில் இருந்தபோது 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். 162 வந்தது. 140க்குக் கீழே இருக்க வேண்டுமாம். “பிள்ளை பிறந்ததும் இறங்கிவிடும். இறங்கியதும் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள், விடாமல் பார்த்துக்கொண்டே இருங்கள்” என்றார் டாக்டரம்மா. சொன்னபடி இறங்கியது. நானும் நினைத்தபடி மறந்தேன். மகனுக்குப் போடும் ஊசியெல்லாம் தேதி தவறாமல் போட்டாயிற்று. எனக்கு ஏழு வருஷத்தில் ஒரு தடவை கூட ரத்தம் எடுக்கவில்லை.

இந்த வருஷம் சித்திரைத் திருவிழா முடிந்த வாரம், அத்தைக்கு ரத்தம் எடுக்க லேப் பையன் வீட்டுக்கு வந்தான். ஊசியைப் பையில் வைக்கப் போனவனிடம் “எனக்கும் எடுத்துவிடு தம்பி” என்று கையை நீட்டினேன். ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் சோதனை, 6.1. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரைக்கு முந்தைய படி. 6.5ஐத் தொட்டால் வீட்டுக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். நான் வாசற்படியில் நிற்கிறேன். எடை 68, உயரம் 155 செ.மீ. வயிற்றுச் சுற்றளவு 92. நம் ஊர்ப் பெண்களுக்கு 80க்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள்.

முதலில் ஜிம். மூன்று மாதப் பணத்தைக் கட்டிய பிறகுதான், பெண்களுக்கான நேரம் காலை 11 முதல் 1 வரை என்றார்கள். அந்த நேரத்தில் நான் யாருடைய ஜிஎஸ்டி ரிட்டர்னையோ பார்த்துக்கொண்டிருப்பேன். பணம் திரும்ப வரவில்லை. சரி, போகட்டும்.

அப்புறம் நடை. அதிகாலை 5:10க்கு எழுந்து தெப்பக்குளம். ஒரு பக்கம் ஏறக்குறைய ஆயிரம் அடி, ஒரு சுற்று 1.2 கிலோமீட்டர் வரும். மூன்று சுற்று, 45 நிமிஷம். வாரம் ஐந்து நாள். நடுமண்டபத்தின் மேல் வெளிச்சம் விழ ஆரம்பிக்கும்போது எனக்கு இரண்டாவது சுற்று முடியும். இது எனக்குப் பிடித்திருக்கிறது, நடப்பதில் சிக்கல் இல்லை. சாயங்காலத் தெப்பக்குளம்தான் வேறு ஊர். மகனை டியூஷனிலிருந்து கூட்டி வரும் வழியில் பஜ்ஜி, காளான், மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய், பருத்திப்பால் என்று வரிசையாக வண்டிகள் நிற்கும். காலையில் கரைத்ததை அதே கரையில் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

இரண்டு மாத நடையில் குறைந்தது 600 கிராம். அது ஒரு சொம்புத் தண்ணீர் எடை.

எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க, ஒருநாள் முழுக்க வாயில் போட்ட ஒவ்வொன்றையும் எழுதினேன். ஆபீசில் வவுச்சர் இல்லாமல் பத்து ரூபாய்ச் செலவைக்கூட எழுதவிட மாட்டேன், அந்தப் பழக்கம்தான். அதிகாரபூர்வமாக என் காலை உணவு ஒரு கிண்ணம் ஓட்ஸ் கஞ்சி. அதற்கு முன்னால் நடந்தது இது. மகளுக்கு முட்டை தோசை இரண்டு. ஒன்றரை தின்றதும் வேன் ஹாரன் கேட்கும், மீதி அரை என் வாயில். மகன் இட்லியின் நடுவை மட்டும் தோண்டித் தின்பான், சுற்றி ஓரம் மட்டும் வளையல் மாதிரி தட்டில் நிற்கும். மூன்று வளையல். அத்தைக்கு ஊற்றிய முதல் தோசை கல்லில் பிடித்துப் பிய்ந்துவிட்டது, அதை அவருக்கு எப்படி வைப்பது, அதுவும் நான். சட்னிக் கிண்ணத்தில் வழித்தால் ஒரு கரண்டி தேறும், அதை எதில் தொட்டுச் சாப்பிடுவது என்று இன்னொரு அரை தோசை. இத்தனையும் அடுப்பு மேடை முன்னால் நின்றபடி, ஒரு கையில் தோசைத் திருப்பியோடு. அதற்கப்புறம்தான் “டயட்” என்று ஓட்ஸ் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உட்கார்கிறேன். எழுதி முடித்துப் பார்த்தபோது அந்த ஓட்ஸைக் கண்டு எனக்கே சிரிப்பு வந்தது.

ராத்திரியும் இதே கதைதான். சப்பாத்தி, தயிர்சாதம், மகள் ஒதுக்கி வைத்த உருளைக்கிழங்கு.

தனியாகச் சமைத்தும் பார்த்தேன். எனக்கு மட்டும் கேழ்வரகுக் கஞ்சி, எனக்கு மட்டும் வரகு. மூன்றாவது வாரம் கை ஓய்ந்துவிட்டது. இன்னொன்று, அத்தையின் சர்க்கரை மெஷினில் குத்திப் பார்த்தேன். கேழ்வரகுக் கஞ்சி இரண்டு டம்ளர் குடித்து ஒரு மணி நேரத்தில் 184. இன்னொரு நாள், கொரகொரப்பாக அரைத்த அடை இரண்டும் ஒரு முட்டையும் சாப்பிட்டு அதே ஒரு மணி நேரத்தில் 139. என் உடம்பில் இரண்டே தடவை பார்த்தது, இதை விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் காலண்டர் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.

கேள்வி இதுதான். பிள்ளைகள் மிச்சம் வைப்பதைச் சாப்பிடும் பழக்கத்தை நீங்கள் எப்படி விட்டீர்கள்? குப்பையில் போட எனக்குக் கை வரவில்லை. மன உறுதி வேண்டும் என்று ஆரம்பிக்கிறவர்கள் தயவுசெய்து அடுத்த இழைக்குப் போய்விடுங்கள். மன உறுதி இல்லாதவள் ஐந்து மணிக்கு எழுந்திருக்க மாட்டாள்.


சிறுதானியச் செல்வன் எழுதியது:

அரிசியை வீட்டைவிட்டே துரத்துங்கள். காலை கம்பு, மதியம் தினை, இரவு சாமை. மூன்றே மாதத்தில் சர்க்கரை ஓடிவிடும். நம் முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை.


தெப்பக்குளம் கீழ்க்கரை:

ஐயா, முன்னோர்கள் கம்பங்கூழைக் குடித்துவிட்டுக் காட்டுக்குப் போய்க் களை வெட்டினார்கள். நான் குடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்கிறேன். 184 பற்றி மேலே எழுதியிருக்கிறேனே, படித்தீர்களா?


ரேஸ்கோர்ஸ் பாட்டி (கோவை) எழுதியது:

கண்ணு, எனக்கு 61. இருபத்தாறு வருஷம் நின்னுட்டே சாப்பிட்டவ. 47ல சர்க்கரை வந்துச்சு, அதனால சொல்றேன், கேட்டுக்கோ.

எங்க அம்மா காலத்தில் வீட்டுக்குப் பின்னாடி ஒரு கழுநீர்த் தொட்டி இருக்கும். அரிசி கழுவின தண்ணி, வடிச்ச கஞ்சி, பிள்ளைங்க மிச்சம் வெச்சது எல்லாம் அதுல போகும், சாயங்காலம் மாடு குடிச்சிரும். யாருக்கும் மனசு உறுத்தாது. இப்போ மாடு இல்லை, தொட்டி இல்லை. அந்த வேலையை நம்ம வயிறு பார்க்குது. அவ்வளவுதான் விஷயம்.

நான் செஞ்சது ஒண்ணே ஒண்ணு. கல்லில் முதல் தோசை எனக்கு. பிய்ஞ்சாலும் எனக்கு, முழுசா வந்தாலும் எனக்கு. தட்டுல போட்டு, பொரியலோ சுண்டலோ பக்கத்துல வெச்சு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தின்னு முடிச்சிட்டுத்தான் அடுத்த தோசை. பத்து நிமிஷம். பசி அடங்கின வயித்துக்கு மகன் தோண்டின இட்லி கண்ணுல படாது. நீ பசியோட நிக்கிறே, அதனாலதான் வளையல் எல்லாம் எண்ணத் தோணுது.

அப்புறம் காலையில் மட்டும் நடக்காதே. ராத்திரி சாப்பிட்டுக் கால்மணி நேரம் தெருவுல நட. நாங்க சாப்பிட்டுட்டு ரேஸ்கோர்ஸ் வரைக்கும் போயிட்டு வருவோம். சாப்பிட்ட பிறகு நடந்தா ஏறுற சர்க்கரை அவ்வளவு ஏறாது. என் டாக்டர் சொன்னது, மெஷின்லயும் பார்த்திருக்கேன்.


ராத்திரி டூட்டி (நெல்லை) எழுதியது:

அக்கா, நான் ஸ்டாஃப் நர்ஸ். ஒரு கேள்வி. ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்த்தீர்களா? மூன்று சுற்று நடந்ததும் மூச்சு வாங்குகிறதா? சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற வழக்கம் உண்டா?


தெப்பக்குளம் கீழ்க்கரை:

பார்க்கவில்லை என்று எழுத வந்து, பழைய ஃபைலைத் துழாவினேன். போன வருஷம் ஆபீஸ் முகாமில் எடுத்தது 9.6. அன்றைக்கு அதை யாரும் பெரிதாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்றாவது சுற்றில் மூச்சு வாங்கும். வயசு ஆகிவிட்டது என்று நினைத்தேன். டீ, ஆமாம், சாப்பிட்டதும் சூடாக ஒரு டம்ளர்.


ராத்திரி டூட்டி:

பெண்களுக்கு 12க்குக் கீழே வந்தாலே ரத்தசோகைதான் அக்கா. இரும்புச் சத்துக் குறைந்த ரத்தசோகை இருந்தால் ஹெச்பிஏ1சி உள்ளதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம். அந்தச் சோதனை, ரத்தச் சிவப்பணுவில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பது. அணுக்களின் ஆயுளும் உற்பத்தியும் மாறினால் எண்ணும் மாறும். அதற்காக 6.1 பொய் என்று சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். கர்ப்ப காலத்தில் வந்தவர்களுக்குப் பின்னாளில் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், அது நிஜம். டாக்டரைப் பார்த்து வெறும் வயிற்றுச் சர்க்கரையும், அதே 75 கிராம் குளுக்கோஸ் சோதனையும் எடுத்துவிடுங்கள். மாத்திரை, அளவு எல்லாம் அவர் சொல்லட்டும். நான் சொல்லக்கூடியது ஒன்றுதான், டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். அது இரும்பை உடம்பில் சேரவிடாது.


மேட்டூர்க்காரன் எழுதியது:

அக்கா, நான் அம்மா இல்லை, மகன். ஆனாலும் எழுதுகிறேன்.

எங்கம்மா பதினைந்து வருஷம் விடாமல் நடந்தவர். மழை நாளில் மொட்டைமாடியில் நடப்பார். இப்போது 64. தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. நடக்கிறவருக்கு ஏன் இப்படி என்று பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டோம். நடை இதயத்துக்கும் மூச்சுக்கும் நல்லது, தொடைக்கும் தோளுக்கும் அது போதாது என்றார். உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இரண்டு பங்குதான். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் நடை போன்றது, அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வேலை. எல்லாரும் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறோம்.

சர்க்கரைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. சாப்பிட்ட குளுக்கோஸில் பெரும்பங்கைச் சேர்த்து வைக்கும் கிடங்கு தசைதான். கிடங்கு சுருங்கினால் சரக்கு ரத்தத்திலேயே நிற்கும். அம்மா இப்போது செய்வது: சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு எழுவது, பத்து தடவை, மூன்று முறை. சுவரில் கை வைத்துத் தள்ளுவது. ஐந்து லிட்டர் எண்ணெய் கேனில் பாதி தண்ணீர் நிரப்பித் தூக்குவது. ஜிம்முக்குக் கட்டிய பணத்தை மறந்துவிடுங்கள், அந்தக் கேன் சும்மாதானே கிடக்கிறது.

ஒன்று கேட்கலாமா? அந்தத் தோசையை மாமா ஒருநாள் ஊற்றினால் என்ன? கடை ஒன்பதரைக்குத்தானே திறப்பார்கள்?


உறையூர் அடை எழுதியது:

தனியாகச் சமைப்பதை முதலில் நிறுத்துங்கள் அக்கா. அதனால்தான் மூன்றாவது வாரம் உடைகிறது. உங்களுக்கு 139 காட்டிய அடையே மொத்த வீட்டுக்கும் ஆகட்டும். அரிசி ஒரு பங்கு, பருப்பு வகை எல்லாம் சேர்த்து ஒன்றேகால் பங்கு, முருங்கைக்கீரை அள்ளிப் போடுங்கள். வாரம் இரண்டு நாள் அடை, இரண்டு நாள் பாசிப்பயறு தோசை, மற்ற நாள் பழைய இட்லியே இருக்கட்டும். பிள்ளைகளும் அதைத்தான் தின்ன வேண்டும். என் மகன் முதல் வாரம் முகத்தைச் சுளித்தான், இரண்டாவது வாரம் வெல்லம் கேட்டான், மூன்றாவது வாரம் தின்றான்.

புரதத்தையும் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள், நீங்கள்தான் கணக்குக்காரராயிற்றே. எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது நம் நாட்டு அளவு. 68க்கு 56 கிராம் வரும். ஒரு முட்டையில் 6. உங்கள் இட்லி வளையலில் எவ்வளவு இருந்துவிடப் போகிறது?


தெப்பக்குளம் கீழ்க்கரை (நான்கு வாரம் கழித்து):

எல்லாருக்கும் நன்றி. பதில் போடத் தாமதம், மகளுக்கு இடைப்பருவத் தேர்வு, ஆபீசில் ஜூலைக் கூட்டம்.

கோவை அம்மா சொன்ன முதல் தோசைதான் முதலில் செய்தேன். 6:40க்கு என் தட்டு. கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! முதல் நாள் ஸ்டூலில் உட்கார்ந்ததும், ஏதோ திருடித் தின்கிற மாதிரி இருந்தது. அத்தை கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தார். நான் வாயில் தோசையோடு நிமிர்ந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, போய்விட்டார். நாலாவது நாள் தன் தட்டையும் எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். “நான் கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து காலைச் சாப்பாட்டைப் பதினோரு மணிக்குத்தான்டி சாப்பிட்டிருக்கேன்” என்றார். இருபது வருஷம் கூடவே இருந்திருக்கிறேனா, இல்லையா என்று இருந்தது. இப்போது 6:40க்கு இரண்டு தட்டு.

மிச்சத்துக்கு வழி கண்டது மகள். தம்பிக்குச் சின்ன இட்லித் தட்டு வாங்கினால் தோண்ட இடமே இருக்காதே என்றாள். நூற்றுச் சொச்ச ரூபாய் ஆயிற்று. குட்டி இட்லி முழுசாக வாய்க்குள் போகிறது, வளையல் ஒழிந்தது. தோசைத் துண்டு மிஞ்சினால் ஒரு டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்கிறேன். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உப்புமா மாதிரி பிய்த்துத் தாளித்தால் இருவரும் சண்டை போட்டுத் தின்கிறார்கள். முதல் வாரம் இரண்டு தடவை குப்பையிலும் போட்டேன். வயிறு எரிந்தது, உண்மையைச் சொல்ல வேண்டுமே.

மேட்டூர்த் தம்பி, உங்கள் கேள்வியை அப்படியே வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். செவ்வாயும் வெள்ளியும் இப்போது அவர் ஊற்றுகிறார். தோசை ஸ்டீயரிங் மாதிரி தடியாக வருகிறது, பிள்ளைகள் அதற்குப் பேர் வைத்துவிட்டார்கள், ஆனால் அந்த இரண்டு நாளும் நான் நாற்காலியில் உட்கார்ந்து எழுகிறேன். முதல் நாள் எட்டோடு தொடை நடுங்கியது. இப்போது பத்து பத்தாக மூன்று முறை ஆகிறது. கேன் பாதி தண்ணீரில்தான் இருக்கிறது.

நெல்லைத் தங்கச்சிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். டாக்டர் இரும்பு மாத்திரை எழுதியிருக்கிறார். எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 9.4. குளுக்கோஸ் சோதனையில் வெறும் வயிற்றில் 108, இரண்டு மணி நேரத்தில் 151. ஆக, வாசற்படியில் நிற்பது நிஜம்தான், ரத்தசோகை மேல் பழி போட முடியாது. ஹெச்பிஏ1சியை இரும்புச் சத்து தேறிய பிறகு மறுபடி பார்க்கலாம் என்றார். டீ இப்போது பதினோரு மணிக்கு, ஆபீசில். மூன்றாவது சுற்றில் மூச்சு இன்னும் வாங்குகிறது, மாத்திரை ஆரம்பித்துப் பதினெட்டு நாள்தான் ஆகிறது.

எடை 66.7. வயிறு 90.

வழுக்கிய கணக்கும் எழுதிவிடுகிறேன். சனிக்கிழமை பருத்திப்பால் நிற்கவில்லை. மகனோடு பாதிப் பாதி என்று ஆரம்பித்து, அவன் கால் பங்கில் போதும் என்றுவிடுகிறான், மிச்சம் யாருக்கு என்று உங்களுக்கே தெரியும். ராத்திரி நடை வாரத்தில் நாலு நாள்தான் நடக்கிறது. தெருநாய்கள் ஒரு காரணம், சோம்பல் இன்னொன்று. தேர்வு வாரத்தில் தெப்பக்குளம் இரண்டே நாள்.

இப்போது அடுத்தது. ஆடி முடியப் போகிறது, ஆவணி முகூர்த்தத்துக்கு அதற்குள் நாலு பத்திரிகை வந்தாயிற்று, அதில் இரண்டு எங்கள் பங்காளி வீட்டுக் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்தால், போதும் என்று இலைமேல் கையை மறிப்பதற்குள் இரண்டாவது கரண்டி விழுந்துவிடும். இதை யார் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? கோவை அம்மா, நீங்கள்தான் முதலில் சொல்ல வேண்டும்.